34 வயதில் நேரடி இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்: வகுப்பு தொடங்கும் முன் எதைப் படிப்பது?

கேள்வி: பேனல்போர்டு, ராஜபாளையம்

அனைவருக்கும் வணக்கம். 2010-இல் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ முடித்தேன். அன்று முதல் நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலை. வயது 34. மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள். இந்த ஆண்டு நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் போய் வரும் தூரத்தில்தான் கல்லூரி. அடுத்த மாதம் வகுப்பு.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) நின்றால் கோளாறு எங்கே என்று நான் சொல்கிறேன். கோவையிலிருந்து லேப்டாப்போடு வரும் பையன் நான்கு கட்டளைகளைத் தட்டிவிட்டுப் போகிறான். பில் அவன் நிறுவனத்தின் பெயரில் வருகிறது. அந்த லேப்டாப்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கணக்கு சுத்தமாக மறந்துவிட்டது. லாப்லாஸ் என்றால் பெயர் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் பைதான் என்ற நிரல்மொழியைப் படியுங்கள் என்கிறான். மைத்துனர் செயற்கை நுண்ணறிவு வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டச் சொல்கிறார். கையில் இருப்பது ஒரு மாதம். எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும்? இன்னொன்று: இரவு ஷிஃப்ட் மட்டும் பார்க்கலாம் என்று மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பகலில் கல்லூரி, இரவில் மில். முடியுமா?

பதில் 1: மதுரைக்காரி

வணக்கம் சகோதரர். நானும் உங்கள் வழியில் வந்தவள்தான். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, மின்னணுவியல் டிப்ளமோவை வைத்து 2022-இல் நேராக மூன்றாம் செமஸ்டரில் போய் உட்கார்ந்தேன். இப்போது மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை.

முதலில் மைத்துனரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு எங்களுக்கு நான்காம் செமஸ்டரில் பாடமாகவே வந்தது. உங்கள் சிக்கல் வரப்போகும் பாடத்தில் இல்லை, நீங்கள் உட்காராமல் தாண்டிப்போன முதலாம் ஆண்டில் இருக்கிறது. நான் படித்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் பைதான், இரண்டாவதில் சி என்ற இன்னொரு நிரல்மொழி. மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவுகளை நினைவகத்தில் அடுக்கிவைக்கும் முறைகள்) எடுக்கும் ஆசிரியர் உங்களுக்கு சி தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் முதல் நாளே பலகையில் எழுதுவார். டேட்டா சயின்ஸ் பாடத்தில் பைதானுக்கும் அதே கதி. ஜாவா மட்டும்தான் அடியிலிருந்து சொல்லித் தருவார்கள், அதை இப்போது தொட வேண்டாம். உங்கள் தொகுதிக்கு எந்தப் பாடத்திட்டம் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, முதலாம் ஆண்டுத் தாள்களின் பட்டியலை வாங்கிவிடுங்கள்.

ஆகவே இந்த மாதம் முழுக்க சி. அதிலும் பாதி நாட்கள் பாயின்டருக்கு, அதாவது ஒரு தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை வைத்திருக்கும் மாறிக்கு. அரே, ஃபங்ஷன், ஸ்ட்ரக்சர், பாயின்டர், இந்த வரிசையில் போங்கள். லிங்க்டு லிஸ்ட் என்பது முகவரிகளால் கோத்த தரவுச் சங்கிலி, அதைத் திரையில் பார்த்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். நோட்டில் நான்கு கட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் கொடுங்கள், 100, 200, 300, 400 என்று. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அடுத்த கட்டத்தின் எண்ணை எழுதுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 500 என்ற புதுக் கட்டத்தை நுழைக்க வேண்டும். முதலில் 500-இன் உள்ளே 300 என்று எழுத வேண்டும், அதன் பிறகே 200-க்குள் இருக்கும் 300-ஐ அடித்துவிட்டு 500 என்று மாற்ற வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் 300 எங்கே இருக்கிறது என்ற தகவலே எவரிடமும் இருக்காது. அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் போயிற்று. பென்சிலால் இதைப் பத்துப் பதினைந்து முறை செய்தவருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸின் முதல் இரண்டு யூனிட்டுகள் பயம் காட்டாது.

அடுத்தது, உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். பேனலில் இரண்டு ஸ்டாப் பட்டன்களை எப்படி வயர் செய்வீர்கள்? இரண்டும் என்.சி. கான்டாக்ட் (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும்), தொடராக. எதை அழுத்தினாலும் மோட்டார் நிற்கும். "இதுவும் அழுத்தப்படவில்லை, அதுவும் அழுத்தப்படவில்லை" என்பதும், "இரண்டில் எதுவும் அழுத்தப்படவில்லை" என்பதும் ஒன்று. வகுப்பில் இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த ஸ்விட்ச்) ஹோல்டிங் கான்டாக்டை ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகப் போடுகிறீர்களே, பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் அது நினைவில் வைத்திருக்கிறதே, அந்த யோசனையில்தான் லாட்ச் பாடம் தொடங்குகிறது, அதிலிருந்து ஃபிளிப் ஃபிளாப். இரண்டும் 0 அல்லது 1-ஐ நினைவில் வைக்கும் சுற்றுகள். டிஜிட்டல் பாடத்தின் முதல் இரண்டு யூனிட்டுகளில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உங்களிடம் சந்தேகம் கேட்பார்கள், பாருங்கள்.

கணக்கைப் பற்றி: மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்கு வந்தது டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ். லாப்லாஸும் இல்லை, இன்டக்ரேஷனும் இல்லை. தர்க்கம், எண்ணும் முறைகள், கிராஃப், குழுக்கள், லாட்டிஸ். பழைய கணக்கு மறந்தவருக்கும் மறக்காதவருக்கும் இது ஏறக்குறைய ஒன்றுதான். மேத்தமேடிகல் இன்டக்ஷன் (ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டும் முறை) நிரூபணத்தை மட்டும் இப்போதே பழகிவிடுங்கள்.

இரவு ஷிஃப்ட்: வேண்டாம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டிச் சலுகை கேட்கலாம், அதற்குக் கீழே ஒன்றும் செய்ய முடியாது. விடிய விடிய மில்லில் நின்றுவிட்டு எட்டே முக்கால் மணி வகுப்பில் வருகைப் பதிவு வாங்கலாம். பாடம் வாங்க முடியாது. சனி, ஞாயிறு மட்டும் ஆள் வேண்டுமா என்று மேலாளரிடம் பேசிப் பாருங்கள். உங்களைப் போன்ற கைகாரரை மில் அவ்வளவு எளிதில் விடாது.

பதில் 2: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

மேலே எழுதிய சகோதரி சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். டிப்ளமோவிலிருந்து வருகிறவர்கள் பலரும் செய்முறையில் கெட்டிக்காரர்கள், எழுத்துத் தேர்வில் கோட்டை விடுவார்கள். விடை தெரிந்திருக்கும், ஆனால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். 2021 முறைப்படி வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. மூன்று மணி நேரம். அதுவும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, ஒரு பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். படம், படிநிலை, ஓர் எடுத்துக்காட்டு, அந்த நிரல்முறை ஓட எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற வரி, இவை இருந்தால் போதும். நடை அழகை யாரும் பார்ப்பதில்லை.

பைதானுக்கு என்.பி.டி.இ.எல். தளத்தில் சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பாடம் இருக்கிறது. இலவசமாகப் பார்க்கலாம். முதல் சில வாரப் பாடங்களே உங்களுக்கு இப்போதைக்குப் போதும்.

பதில் 3: போன வருஷம் பாஸ்

அண்ணா, கசப்பான ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வளாகத் தேர்வுக்கு (கேம்பஸ் இன்டர்வியூ) வரும் ஐ.டி. நிறுவனங்கள் பலவும் படிப்பு இடைவெளிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். அது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். உங்களுடையது பத்துக்கு மேல். எங்கள் வகுப்பில் இப்படி ஒரு அண்ணன் இருந்தார். மதிப்பெண் இருந்தும் பல நிறுவனங்களின் படிவத்தை அவரால் நிரப்பக்கூட முடியவில்லை. வளாகத் தேர்வை நம்பித்தான் கடன் வாங்குகிறீர்கள் என்றால் ஒருமுறை யோசியுங்கள்.

வேலையை விடாமல் படிக்க வேறு வழியும் உண்டு. ஐஐடி மெட்ராஸ் நடத்தும் இணையவழி பி.எஸ். பட்டப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை, தேர்வு மட்டும் நேரில். ஆனால் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் நுழைய முடியாது.

கேட்டவர்: பேனல்போர்டு

மூவருக்கும் நன்றி. தம்பி, கோபம் இல்லை. ஐ.டி. நிறுவனம் என் குறி இல்லை. பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கணினி), ஸ்காடா (இயந்திரங்களைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்) வேலை செய்யும் ஆட்டோமேஷன் நிறுவனங்களில் மில்லுக்குள் இறங்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஸ்டாப் பட்டன் விஷயத்தை மனைவியிடம் படம் போட்டு விளக்கினேன். "இதற்குப் போய் மூன்று வருடமா" என்று கேட்டாள்.

இரவு ஷிஃப்டை விட்டுவிடுகிறேன். வார இறுதிக்கு மேலாளர் பாதி மனதோடு தலையாட்டியிருக்கிறார். அக்கா, இன்னும் இரண்டு. சி படிக்க இப்போதே லேப்டாப் வாங்க வேண்டுமா? டிப்ளமோ டி.சி. கிழிந்த நிலையில் இருக்கிறது, பரவாயில்லையா?

பதில் 4: மதுரைக்காரி

லேப்டாப் இப்போது வேண்டாம். மகளுக்கென்று பழைய கணினி ஏதாவது வீட்டில் இருந்தால் அதிலேயே ஜி.சி.சி. (சி நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் இலவச மென்பொருள்) ஓடும். வாங்கும்போது 8 ஜி.பி. ரேமுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

டி.சி.யை விட்டுவைக்காதீர்கள். எண்ணும் முத்திரையும் தெளிவாக இல்லையென்றால் சேர்க்கை நாளில் திருப்பி அனுப்புவார்கள். நாளையே பாலிடெக்னிக்குக்குப் போய் நகல் சான்றுக்கு விண்ணப்பம் கொடுங்கள். படிப்பு இடைவெளிக்கு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் கேட்கும் கல்லூரிகளும் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் சேர்க்கைக் காலத்தில் கூட்டம் தாங்காது.