இன்றைய பிள்ளைகளின் அச்சம்: உங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து வயதாகும் என் மகள், சில வாரங்களாக இரவில் கைபேசியைக் கவிழ்த்து வைப்பதும், அது அதிர்ந்தவுடன் முகம் வெளிற எடுத்துப் பார்ப்பதுமாக இருக்கிறாள். வகுப்புக் குழுவில் அவள் அனுப்பி, உடனே அழித்துவிட்ட ஒரு படத்தை யாரோ சேமித்து வைத்திருக்கிறார்களாம். அது எப்போது, யாரிடம் போய்ச் சேரும் என்பதே அவளுடைய பயம்.

1955-இல் தடுப்பூசி வரும்வரை இளம்பிள்ளை வாதத்துக்கும், 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அணுகுண்டுக்கும் அஞ்சிய தலைமுறைகள் உண்டு. நான் அஞ்சியதோ தேர்வு முடிவுக்கும் அப்பாவின் கோபத்துக்கும்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால், பள்ளியில் பட்ட கேலி வெளியிலேயே நின்றுவிடும். இவளுக்கு அந்தக் கதவு இல்லை. பருவநிலை மாற்றம் பற்றிய கவலையும் இவர்களுக்கு உண்டு: 2021-இல் வெளியான, 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில் 59 விழுக்காட்டினர் மிகுந்த கவலை தெரிவித்திருந்தனர்.

"இதற்கெல்லாமா பயப்படுவாய்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன், அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். இந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும், கைபேசியைப் பறிக்காமல் பேச்சை மீண்டும் எப்படித் தொடங்கினீர்கள், பள்ளிக்கு எந்தக் கட்டத்தில் தெரிவித்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.