நாலு மணி நேர மலைப்பாதை, மினி வேன், எனக்கு வாந்தி பயம். எந்த சீட்டில் உட்காருவது?

சன்னலோரம்:

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு மலையூருக்குப் போகிறோம். பெரிய பஸ் அந்தப் பாதையில் திரும்ப முடியாது, ரயில் பேச்சே இல்லை, 12 பேர் உட்காரும் மினி வேன் மட்டும்தான் போகுமாம். தூரம் 130 கிலோமீட்டர்தான், ஆனால் நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. போன தடவை இதே மாதிரி ஒரு பாதையில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, செல்போனில் படம் பார்த்துக்கொண்டே போய், பத்தாவது கொண்டை ஊசி வளைவில் எல்லாம் முடிந்தது. கையில் பை இல்லை. தோளில் சால்வைதான் இருந்தது. அந்தச் சால்வை இப்போது என்னிடம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த முறை கூட வருபவர்கள்: கணவர் (எந்த வண்டியிலும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்குவார், அந்தப் பெருமை வேறு), 7 வயது மகள், 68 வயது மாமியார். மாமியாருக்குக் கண் அழுத்த நோய் உண்டு, தினமும் சொட்டு மருந்து போடுகிறார். எந்த சீட் கேட்டு வாங்குவது? மாத்திரை போடலாமா, எப்போது? வெறும் வயிற்றில் போனால் நல்லது என்கிறார்களே, உண்மையா? காலை வேனும் இருக்கிறது, இரவு வேனும் இருக்கிறது, எது மேல்?

இன்னொன்று. போன முறை மலை இறங்கும்போது ஏதோ கருகின வாடை வந்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி, அஞ்சு நிமிஷத்தில் மறுபடி கிளப்பிவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது சாதாரணம்தானா?

முன்சீட்டுக்காரன்:

நானும் உங்கள் கட்சிதான். ஸ்கூல் டூர் வேனில் ஆரம்பித்த மானக்கேடு, நாற்பது வயதில்தான் ஒரு வழிக்கு வந்தது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிரச்சினை வயிற்றில் இல்லை, காதுக்குள் இருக்கிறது. உட்காதில் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. வேன் திரும்புவது, குலுங்குவது, எல்லாவற்றையும் அது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே நேரம் உங்கள் கண் செல்போனையோ முன்சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருந்தால், ‘எல்லாம் அசையாமல்தான் இருக்கிறது’ என்று கண் சொல்லும். இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி வயிற்றின் மேல் கோபத்தைக் காட்டுகிறது. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1880களிலேயே ஒன்றைக் கவனித்தார்: காது கேளாத பலருக்குக் கப்பலில் போனாலும் குமட்டல் வருவதில்லை. அவர்களுக்கு அந்தச் சமநிலை உறுப்பும் சேர்ந்தே பழுதாகியிருந்ததுதான் காரணம். ஆக, காதின் வாயை மூட முடியாது, கண்ணுக்குத்தான் உண்மையைக் காட்ட வேண்டும்.

ஆகவே சீட். டிரைவர் பக்கத்து சீட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் இரண்டாவது வரிசையில், முன்கண்ணாடி வழியாக ரோடு நேராகத் தெரிகிற இடம். சன்னல் ஓரம் என்று உங்கள் பெயரிலேயே இருந்தாலும் பக்கவாட்டு சன்னல் அவ்வளவு உதவாது. பக்கத்தில் ஓடும் மரங்களைப் பார்த்தால் இன்னும் சுற்றும். தூரத்தில், வண்டி போகும் திசையில் பார்க்க வேண்டும். கடைசி வரிசை மட்டும் வேண்டவே வேண்டாம். நிறைய மினி வேன்களில் அது பின்சக்கரங்களுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் வால் மாதிரி வீசும், ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப்போடும்.

இன்னொரு வித்தை, சொன்னால் சிரிப்பீர்கள். வளைவில் டிரைவரின் தலையைக் கவனியுங்கள், அவருக்கே தெரியாமல் வளைவின் உள்பக்கம் சாயும். நம் தலை வெளிப்பக்கம் விழும். நாமும் டிரைவர் மாதிரியே உள்பக்கம் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைகிறது என்று சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு வாந்தி வராததற்கு அடுத்து என்ன வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவதும் ஒரு காரணம். நீங்களும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போங்கள்.

கும்பகர்ணி:

இவ்வளவு எதற்கு? இரவு வேனில் ஏறி, கண்ணை மூடித் தூங்கிவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான். கண் மூடியிருந்தால் சாட்சி ஒன்றுதானே, முரண்பாடு ஏது?

இரண்டாம்கியர்:

பதினாலு வருஷம் மலையில் வேன் ஓட்டியவன். சன்னலோரம் அக்கா, அந்தக் கருகின வாடை சாதாரணம் இல்லை. அது பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தை உரசிப் பிடிக்கிற பட்டை, சூடேறி வெந்த வாடை.

என்ன நடக்கிறது என்றால், இறக்கம் முழுக்க ஒருத்தர் டாப் கியரில் வந்துகொண்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால், வண்டியின் மொத்த வேகமும் அந்தச் சின்ன இடத்தில் சூடாகத்தான் மாறும், வேறெங்கே போகும்? சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். அதைவிட மோசம் பிரேக் ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரைக்காவது தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரிதான் கேட்கிறது. கொதித்து ஆவியாகிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. மலையில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று கேள்விப்படுகிற கதைகளில் நிறைய இப்படித்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். எஞ்சின் கத்தும், பயணிகள் ‘வண்டிக்கு என்னமோ ஆச்சு’ என்று பயப்படுவார்கள், பயப்படட்டும். நியூட்ரலில் உருட்டுவது, டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது, இதையெல்லாம் பார்த்தால் சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டர் ரெண்டு மூணு மிதிக்கு மேல் தாங்காது, ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

சக்கரத்தில் தண்ணீர் ஊற்றியதும் தப்பு. காய்ந்த இரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் பிரேக் பிடிக்கிற டிஸ்க் தட்டு வளையும், வெடிப்பும் விடலாம். டயருக்குக் கல் முட்டுக் கொடுத்து, அரைமணி நேரம் தானாக ஆற விடணும். அஞ்சு நிமிஷம் போதாது.

கும்பகர்ணி சொன்னதில் பாதி சரி. இரவில் எதிரே வரும் வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே அதன் வெளிச்சம் தெரிந்துவிடும், அது ஒரு வசதிதான். ஆனால் பனிமூட்டம் வந்தால் நமக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும், ரோட்டில் விழுந்த கல் கிட்டே போன பிறகுதான் தெரியும், அப்புறம் டிரைவரும் மனுஷன்தானே, அவருக்கும் தூக்கம் வரும். அந்தப் பாதையைப் பகலில் ஓட்டவே பிடிக்கும் எனக்கு. காலை வேன் எடுங்கள்.

வாந்தி பற்றி டிரைவர் பக்கத்திலிருந்து ஒன்று. வளைவை மட்டும் குறை சொல்லாதீர்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்துவதும், வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிப்பதும்தான் பாதி வாந்திக்குக் காரணம் என்பேன். நல்ல டிரைவர் வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகச் சுற்றி வருவார். கிளம்பும்போதே அவரிடம் போய், ‘அண்ணே, குழந்தையும் பெரியவங்களும் இருக்காங்க, எனக்கும் ஒத்துக்காது, கொஞ்சம் நிதானமா’ என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். வேனைக் கழுவுகிற வேலை எங்களுக்குத்தானே.

பெரிய பெட்டிகளை மேலே கேரியரில் ஏற்றினால் வண்டி தலைக்கனம் பிடித்து ஆடும், கனமானதைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஏறுவதற்கு முன் டயரை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் அடுத்த வேன்.

மருந்துச்சீட்டு:

மருந்துக் கடையில்தான் வேலை, டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மாமியார். பயண வாந்தியைத் தடுக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டை என்று ஒன்று சில நாடுகளில் கிடைக்கும், கிளம்ப நாலு மணி நேரம் முன்னால் ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். யாராவது ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று கையில் கொடுப்பார்கள். அவருக்கு வேண்டாம். கண் அழுத்தத்தில் ஒரு வகைக்கு அது ஆபத்தானது, கண்மணியை விரித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். பயண வாந்திக்குப் போடுகிற டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் மாத்திரைகளுக்கும் ஓரளவு அதே குணம் உண்டு. அவருக்கு எந்த வகை நோய் என்று கண் டாக்டருக்குத்தான் தெரியும், அவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு: டைமென்ஹைட்ரினேட் என்றால் கிளம்ப அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன், மெக்லிசின் என்றால் ஒரு மணி நேரம் முன். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை, அப்போது வயிறு உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும் வேலையையே மெதுவாக்கிவிடும், மாத்திரை அங்கேயே கிடக்கும், பிறகு மேலே வந்துவிடும். இரண்டுமே தூக்கம் தரும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. சாதாரண வாந்திக்குத் தருகிற ஒன்டான்செட்ரானைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள், பயண வாந்திக்கு அது பெரிதாகக் கேட்காது.

மகளுக்கு வயதும் எடையும் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும், பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொல்லை அபூர்வம், ஆனால் அவள் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வெறும் வயிறு நல்லது என்பது தவறு. லேசாகச் சாப்பிட்டு, எண்ணெய்ப் பண்டத்தைத் தவிர்த்தால் போதும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை, கெடுதல் இல்லை.

சன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. காலை வேனில் போட்டுவிட்டோம். இரண்டாம்கியர் அண்ணா, தண்ணீர் ஊற்றியது தப்பு என்று படித்ததும் முதுகு சில்லென்று ஆகிவிட்டது. இன்னொரு சந்தேகம். முன்சீட் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. மகளை அங்கே உட்கார வைக்கட்டுமா?

இரண்டாம்கியர்:

வேண்டாம் அக்கா. முன்னால் ஏர்பேக் இருந்தால் அது விரிகிற வேகம் சின்னப் பிள்ளைக்கு அடி. பெல்ட் கழுத்தில் போய் நிற்கும். இரண்டாவது வரிசையில் பெல்ட் இருக்கிற சீட்டில், ரோடு தெரிகிற உயரத்துக்குக் குழந்தை சீட் போட்டு உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கு வாந்தி வருவதில் பாதி, தாழ உட்கார்ந்து எதிரே சீட் முதுகை மட்டுமே பார்ப்பதால்தான். முன்சீட்டை மாமியாருக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்தானே மாத்திரை போட முடியாதவர். இறங்கும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள்.

சன்னலோரம்:

போய்ச் சேர்ந்துவிட்டோம், அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

கண் டாக்டர் மாத்திரை வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து நாலு மணி நேரமும் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். ‘ஹாரன் அடிப்பா, ஹாரன் அடிப்பா’ என்று ஒவ்வொரு வளைவுக்கும். ஏறி வரும் வண்டிக்கு நின்று வழி விட வேண்டும் என்று அந்த டிரைவர் விளக்கியதும், அதற்கப்புறம் அதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு சுற்றல்கூட இல்லை. நான் இரண்டாவது வரிசையில் மாத்திரை போட்டுக்கொண்டு, தலையை உள்பக்கம் சாய்த்துச் சாய்த்து வந்தேன், பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பாதி வழியில் ஒரு தடவை வாயில் எச்சில் ஊறியது, அவ்வளவுதான். மகள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள், 200 தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

உச்சி தாண்டி ஒரு நீளமான இறக்கம் வந்தபோது எஞ்சின் ஓவென்று கத்தியது. பக்கத்து வரிசையில் ஒருவர் பதறி எழுந்தார். ‘பயப்படாதீங்க, இரண்டாவது கியர்’ என்று நான் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கணவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இடம் தாராளமாக இருக்கிறது என்று கடைசி வரிசையில் போய்ப் படுத்து, செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் மலை ஏறி முடிப்பதற்குள் நான் கொண்டுவந்த மூன்று பையும் தீர்ந்துவிட்டது. திரும்பும் டிக்கெட் போடும்போது முன்சீட் யாருக்கு என்று இப்போது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.