குவில்லிங் ஜிமிக்கி அமுங்கிப் போகுது, ஏன்?

கேள்வி: குவில்லிங், அதான் பேப்பர் ஸ்ட்ரிப்பைச் சுத்திச் செய்யற கைவேலை. 3 மி.மீ. அகல ஸ்ட்ரிப் 8 ஒட்டி வட்டா சுத்தி, நடுவைக் குமிழா தள்ளின ஜிமிக்கி. வெளியே வார்னிஷ் 2 கோட். இந்த ஐப்பசி மழையில ரெண்டே நாள்ல தட்டையாயிடுது. மயிலாப்பூர், ஏசி இல்லாத வீடு.

பதில் 1: வெளிப்பூச்சு பளபளப்புக்குத்தான் தோழி, உருவத்தைப் பிடிச்சு நிறுத்துறது உள்பக்கம். குமிழைத் தள்ளினதும் ஃபெவிகாலை விரல்நுனியால உள்ளே மெல்லிசா தடவுங்க. வெள்ளை நிறம் முழுசா மறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகணும். மழைக்காலத்துல ஒரு ராத்திரி பிடிக்கும். அப்புறம் இன்னொரு கோட். காயறதுக்குள்ள வார்னிஷ் அடிச்சா ஈரம் உள்ளேயே மாட்டி, பேப்பர் இளகிடும். ஃபேன் காத்து போதும். வெயில்ல வைக்காதீங்க, ரோஸ் கலர் சீக்கிரம் வெளுக்கும்.

பதில் 2: சுத்து தளர்வா இருந்தாலும் இதே கதிதான். தள்ளுறதுக்கு முன்னாடி வட்டைத் தட்டையா வச்சு நடுவுல அமுக்கிப் பாருங்க. சும்மா தொட்டதுக்கே நழுவினா பிரிச்சுச் சுத்துங்க. கொக்கிக் கம்பியை ஃபெவிகாலுக்கு முன்னாடியே நடுவுல கோத்துடணும், காய்ஞ்சப்புறம் குத்தினா வட்டு பிளக்கும்.

பதில் 3: தண்ணி கலந்த வார்னிஷா? அதுவே பேப்பரை ஊற வைக்கும், டார்க் கலர் சாயமும் இறங்கும். முடிஞ்சதை இறுக்கமான டப்பால, புது ஷூ பெட்டியில வர்ற ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. கொக்கியும் துருப்பிடிக்காது.