மீடியன் முனைக்கு பெயின்ட் மட்டும் போதுமா?

வேளச்சேரிவாசி:
சென்னையில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்கிறேன். மேம்பாலம் ஏறுகிற இடத்தில் மீடியனின், அதாவது சாலையை நடுவில் பிரிக்கிற சுவரின், கான்கிரீட் முனை மொட்டையாக நிற்கிறது, மேலே விளக்கும் எரிவதில்லை. மஞ்சள் கறுப்பு பெயின்ட் தவிர வேறு வழி இல்லையா?

சிவில்குமார்:
பெயின்ட் எச்சரிக்கும், அடியைக் குறைக்காது. முனைக்கு முன்னால், மோதினால் தானே நசுங்கி வண்டியின் வேகத்தை வாங்கிக்கொள்கிற தடுப்பு வேண்டும். ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற 'விஷன் ஜீரோ' கொள்கையே இதுதான், ஓட்டுகிறவன் தவறுவான் என்று முன்கூட்டியே எண்ணிச் சாலையைப் போடுவது. அங்கே எதிர்த்திசை வண்டிகள் மோதாமலிருக்க நடுவில் கம்பிவடத் தடுப்பும் போட்டார்கள்.

டூவீலர்:
சரி, அதெல்லாம் காருக்கு. பைக்கிலிருந்து சறுக்கி விழுகிறவன் தடுப்பின் தூணில்தானே போய் இடிப்பான்? அப்புறம் வேகம்! 60இல் மோதும் ஆற்றல் 30இல் மோதுவதைப் போல நான்கு மடங்கு.

சிவில்குமார்:
நியாயம்தான். அதற்காகவே சில நாடுகளில் தடுப்பின் அடியில் இன்னொரு தகடு வைத்துத் தூண்களை மறைக்கிறார்கள்.