14 பேர், 3 கயிறு: ஏறும் குழுவில் யாருக்கு யார் பிலே பிடிப்பது?

சுண்ணக்கை:

வணக்கம் நண்பர்களே. எங்கள் பாறையேறும் குழுவில் 14 பேர். வாரம் இரண்டு மாலை செயற்கைச் சுவர், மாதம் இரண்டு ஞாயிறு பாறை. ஒரு மாலைக்கு ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். பொதுக் கயிறு மூன்று. ஏறும் கடினத்தைக் காட்டும் கிரேடு 5சி (எளிது) முதல் 7பி (கடினம்) வரை பரவிக் கிடக்கிறது. சண்டை எதுவும் இல்லை, ஆனால் குழு மெல்ல இரண்டாகப் பிரிவது கண்ணுக்குத் தெரிகிறது.

நன்றாக ஏறும் நாலு பேர் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்கிறார்கள். புதிதாக வருபவர்கள் மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். நீண்ட நாள் ஜோடி ஒன்றில் ஒருவருக்கு (82 கிலோ) இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு 7ஏ ஏறியே ஆகவேண்டும். மற்றவருக்கு (55 கிலோ) ஒரு நாளில் ஏழெட்டு ரூட் (ஏறும் பாதை) நிம்மதியாக ஏறினால் போதும். இருவரும் உயிர் நண்பர்கள். ஆனால் பாறைக்குப் போய்த் திரும்பும்போது யாராவது ஒருவருக்கு முகம் வாடியிருக்கிறது. இது போக, யார் ஏறினாலும் கீழேயிருந்து நாலு பேர் ஒரே நேரத்தில் வழி சொல்கிறார்கள்.

நட்பும் கெடக்கூடாது, அவரவர் ஆசையும் நடக்க வேண்டும். நாளை மாலையே செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு சொல்லுங்கள்.

எட்டுமுடிச்சு:

முதலில் புதியவர்கள் விஷயம், ஏனென்றால் குழு கரைவது அங்கேதான் தொடங்குகிறது. ஏற மட்டும் வருகிறவர் எத்தனை வாரம் வந்தாலும் விருந்தாளிதான். அவர் வராவிட்டால் யாருக்கும் குறை தெரியாது. பிலே பிடிக்க, அதாவது கீழே நின்று ஏறுபவரின் கயிற்றைக் காக்க, கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவர் இல்லாமல் ஒரு கயிறு சும்மா கிடக்கும். அப்போது "இன்னிக்கு வர்றீங்களா?" என்று அவருக்குச் செய்தி போகும். எனவே வரவேற்பு வார்த்தையைவிட, மூன்றாவது வாரத்துக்குள் அவர் கையில் கயிற்றைக் கொடுப்பதுதான் முக்கியம்.

அதற்கு வழி: வாரத்தில் ஒரு மாலை ஜோடி கிடையாது, கயிற்றுக்கு மூன்று பேர். ஒருவர் ஏறுவார், ஒருவர் பிலே. மூன்றாமவர் பிலேயரின் பிரேக் கை (கயிற்றை நிறுத்தும் கை) பக்கம் நின்று, பிலே கருவிக்குப் பின்னால் வரும் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருப்பார். பிலேயர் கை நழுவினால் இவர் இறுக்கிப் பிடித்தாலே போதும், கயிறு நின்றுவிடும். ஒவ்வொரு மூவரிலும் ஒரு பழையவர், ஒரு நடுத்தரம், ஒரு புதியவர். நாலு வாரத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். அதற்குள் கலைத்தால் பழக்கம் ஒட்டாது.

நேரக் கணக்கு கொஞ்சம் பார்ப்போம். இரண்டு மணி நேரத்தில் உடம்பைச் சூடுபடுத்த 20 நிமிடம் போனால் மீதி 100. டாப்ரோப்பில் (கயிறு முன்பே உச்சியில் மாட்டியிருக்கும் முறை) முடிச்சு, சரிபார்ப்பு, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 7 முதல் 8 நிமிடம். மொத்தம் 13 முறை, ஆளுக்கு நாலு. ஜோடியாக இருந்தால் ஆளுக்கு ஆறு கிடைத்திருக்கும். புதியவருக்கு நாலே அதிகம், அதற்குள் முன்கை கல்லாகிவிடும். நன்றாக ஏறுபவர்களுக்கு இரண்டு முறை குறைவது வலிக்கும், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டாவது மாலை முழுக்க அவர்கள் விருப்பம் என்று விட்டுவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

82, 55 என்ற எடை வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். லீடில், அதாவது சுவரில் பதித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறும் முறையில், கனமானவர் விழுந்தால் 55 கிலோ பிலேயரைக் கயிறு முதல் போல்ட் வரை தூக்கிச் சுவரில் மோதவிடும். அவர் சுவரிலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி நின்றால் நிலைமை இன்னும் மோசம், முதலில் தரையோடு இழுபட்டு, பிறகு மேலே போவார். சுவருக்கு அருகில், ஏறுபவருக்கு நேர் கீழே இல்லாமல் ஓரடி பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். கிரிகிரி போல உதவிப் பிரேக் உள்ள கருவி கட்டாயம். முதல் போல்ட்டில் ஓம் மாதிரி உராய்வுக் கருவி மாட்டினால் இழுப்பு நன்றாகக் குறையும். கயிற்றை அதில் காட்டியிருக்கும் திசையிலேயே போட வேண்டும், முதல் போல்ட்டைத் தொடும் முன் விழுந்தால் அதனால் பயன் இல்லை.

மறுபக்கத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். 55 கிலோக்காரர் விழும்போது 82 கிலோ பிலேயர் தூண் மாதிரி நின்றால் கயிறு வெடுக்கென்று நிற்கும், அவர் ஊசலாடி வந்து கணுக்காலால் பாறையை உதைப்பார். கயிறு இறுகத் தொடங்கும் அந்தக் கணத்தில் பிலேயர் லேசாக எம்பிக் கொடுக்க வேண்டும். முன்னாலேயே குதித்தால் பயனில்லை, இறுகிய பிறகு குதித்தாலும் பயனில்லை. தரையும் மேடைகளும் தூரமாக இருக்கும் உயரத்தில் மட்டும் இப்படிச் செய்யலாம், இரண்டாம் மூன்றாம் போல்ட் அருகே வேண்டாம். "நீ பிடிச்சா பயமா இருக்கு" என்ற பேச்சு பெரும்பாலும் இந்த வெடுக்கில்தான் பிறக்கிறது. அதை நட்பின் குறை என்று எடுத்துக்கொள்ளாமல் எம்புவதைப் பழகுங்கள்.

பாறைப்பல்லி:

அந்த ஜோடியின் ஆசைகள் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

ரெட்பாயிண்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களின் நடுவில் ஜெர்மனியின் ஃப்ராங்கன்யூராவில் குர்ட் ஆல்பர்ட், கருவியைப் பிடித்து இழுக்காமல் முழு ரூட்டையும் ஏற முடிந்ததும் அதன் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். எத்தனை முறை விழுந்து பழகினாலும் பரவாயில்லை, கடைசியில் ஒருமுறை அடியிலிருந்து உச்சிவரை விழாமல் ஏற வேண்டும் என்பதே கணக்கு. அந்த "எத்தனை முறை"யும் பிலேயரின் கழுத்தில்தான் ஏறுகிறது.

நேரத்தை உண்மையில் தின்பது முதல் முயற்சி. போல்ட் போல்ட்டாகத் தொங்கி, அசைவுகளைக் கண்டுபிடித்து, "இன்னொரு தடவை, இன்னொரே தடவை" என்று 50 நிமிடம் ஓடிவிடும். இதற்கு மட்டும் கடிகாரம் வையுங்கள்: 25 நிமிடம், அதை முடிச்சுப் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நேரம் முடிந்தால் எந்த அசைவில் இருந்தாலும் இறங்க வேண்டும். அதன்பின் ரெட்பாயிண்ட் முயற்சிகள் ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான். நடுவில் முன்கை தெளிய 30 முதல் 45 நிமிட ஓய்வு தேவை. அந்த ஓய்வு முழுவதும் மற்றவருக்கு ஏறும் நேரம். பக்கத்திலேயே 6ஏ, 6பி இருக்கும் பாறையாகத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஓய்விலும் அவர் இரண்டு ரூட் முடிப்பார். மூன்று முயற்சிக்குள் அவருக்கு ஆறு ரூட் ஆகிவிடும், ஏழெட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டுதான் பாக்கி. 7ஏ மட்டும் தனியே நிற்கும் பாறைக்குப் போனால்தான் ஒருவர் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

இன்னொரு நிபந்தனை: நாளின் கடைசி ஒரு மணி நேரம் ப்ராஜெக்ட் (பல முறை முயன்று முடிக்கப் பார்க்கும் கடின ரூட்) இல்லாதவருக்கு. விரல் தோல் போய்விட்டது, கை செத்துவிட்டது என்று ப்ராஜெக்ட்காரர் மூட்டை கட்டத் தொடங்கும் நேரம் அது. கை செத்தாலும் பிலே பிடிக்கலாம். நட்பில் விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

7ஏ-க்கான ஏற்பாட்டையும் கூட்டாகச் செய்யலாம். வழக்கமான பிரமிடு இப்படி: உச்சியில் ஒரு 7ஏ, அதற்குக் கீழே இரண்டு 6சி+, நாலு 6சி, எட்டு 6பி+. பலரும் கீழ்ப்படியைத் தாண்டிக் குதித்து நேராக 7ஏ-வில் தொங்குகிறார்கள், பருவம் முழுவதும் ஒரே ரூட்டில் போய்விடுகிறது. அந்த எட்டு 6பி+ இருக்கிறதே, அது மற்றவருக்கும் எட்டிப் பிடிக்கக்கூடிய படி. பருவத்தின் முதல் பாதியை இருவரும் அந்த எட்டுக்காகச் செலவிடட்டும், ஒரே ரூட், ஒரே குவிக்ட்ரா (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் கொக்கிப் பட்டை), மாறி மாறி. இரண்டாம் பாதியில் ப்ராஜெக்ட்.

வழி சொல்லும் தொல்லைக்கு: ஒரு ரூட்டை எந்தத் தகவலும் இல்லாமல் முதல் முயற்சியிலேயே முடிப்பது ஆன்சைட். யாராவது ஒரு பிடியைச் சொல்லிவிட்டால் அது ஃப்ளாஷ் ஆகிவிடும். வாழ்நாளில் அந்த ரூட்டில் அவருக்கு ஆன்சைட் திரும்பக் கிடைக்காது. இதை ஒருமுறை விளக்கினாலே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு விதி: "சொல்லவா?" என்று ஏறுமுன் தரையில் கேட்க வேண்டும், சம்மதித்தால் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் கிட்டத்தட்ட அதே உயரக்காரராக இருப்பது நல்லது. 180 சென்டிமீட்டர்க்காரரின் வழி 155-க்கு அநேகமாக உதவாது.

கயிற்றுக்கணக்கு:

மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. நான் பழகினவங்க பண்ற தப்பைப் பத்திச் சொல்றேன். நெருங்கின ஜோடிங்கதான் செக் பண்றதை முதல்ல விடுவாங்க. அரட்டை அடிச்சுக்கிட்டே முடிச்சுப் போடுவாங்க. 1989-ல பிரான்ஸ்ல அமெரிக்காவோட பேர்போன ஏறுநர் லின் ஹில் 20 மீட்டருக்கு மேல விழுந்தது அப்படித்தான்: கயிற்றை ஹார்னெஸ்ல (இடுப்புக் கச்சை) கோத்தாங்க, முடிச்சை முடிக்கல. கீழே மரம் இருந்ததால பிழைச்சாங்க. 1993-ல கலிஃபோர்னியாவுல இருக்கிற எல் கேபிடன் பாறையோட நோஸ் ரூட்டை முதல் முதலா ஃப்ரீயா (கருவியைப் பிடிச்சு இழுக்காம) ஏறினவங்க அவங்க. அப்பேர்ப்பட்டவங்களுக்கே அது நடந்திருக்கு.

அதனால செக் கண்ணால வேண்டாம், கையால தொட்டுப் பண்ணுங்க. ஏறுறவரோட பக்கிள், எட்டு முடிச்சு, அது ஹார்னெஸ்ல ரெண்டு இடத்துலயும் நுழைஞ்சிருக்கா. பிலேயரோட கருவியில கயிறு சரியான பக்கம் போகுதா (வெடுக்குனு இழுத்துப் பாருங்க), கராபினர் (கருவியை மாட்டுற உலோக வளையம்) பூட்டியிருக்கா. கடைசியா கயிற்றோட மறு நுனியில முடிச்சு. முடிச்சுப் போடும்போது யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. புதுசா வந்தவங்களே பழையவங்களை செக் பண்ணட்டும். ரெண்டு பேருக்கும் நல்லது, கூச்சமும் போயிடும்.

அடுத்தது கூப்பிடுற வார்த்தை. தமிழ்ல கூப்பிடுற குழுக்கள் இதைக் கண்டிப்பா யோசிக்கணும். "இறுக்கு", "இறக்கு" ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். 25 மீட்டர் மேல, காத்து அடிக்கும்போது, இது ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். கயிற்றை இறுக்கச் சொன்னவரை இறக்கிடுவாங்க. "பிடி", "விடு"வும் அதே கதைதான். ஒலி சுத்தமா வேறயா இருக்கிற மாதிரி மூணு வார்த்தை முடிவு பண்ணுங்க: "டைட்", "லூஸ்", "கீழே". முன்னாடி பிலேயர் பேர் கட்டாயம், ஏன்னா பக்கத்து ரூட்லயும் ஒருத்தர் "டைட்"னு கத்திக்கிட்டு இருப்பார்.

உச்சிக்குப் போனதும் பிலேயர் இறக்கப் போறாரா, இல்ல ஏறினவரே ராப்பல்ல (தானே கயிறு வழியா இறங்குறது) வரப் போறாரான்னு தரையிலயே பேசிடுங்க. மேல போய் முடிவை மாத்தக் கூடாது. ராப்பல்னு நினைச்சு பிலேயர் கருவியைக் கழட்டிடுவார், மேல இருக்கிறவர் கயிற்றை நம்பிப் பின்னால சாய்வார். பல விபத்துக்கு இதுதான் காரணம்.

பொதுக் கயிறு பத்தி ஒரு விஷயம். டாப்ரோப்ல தேய்ஞ்சு நுனியில ரெண்டு மூணு மீட்டர் மெத்துனு ஆயிடும், வெட்டுவீங்க. ஒரு பக்கம் மட்டும் வெட்டினா நடுக்குறி நடுவுல இருக்காது. அந்தக் குறியை நம்பி ரூட் உயரத்தைக் கணக்குப் போடுறவர் ஏமாந்துடுவார். ரெண்டு பக்கமும் சமமா வெட்டுங்க, மீதி நீளத்தைப் பை மேல எழுதுங்க. வாங்கின தேதி, பெரிய விழுகை, யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு ஒரு சின்ன நோட்டும் அந்தப் பையிலயே இருக்கட்டும்.

சுண்ணக்கை:

மூவருக்கும் நன்றி. மூவர் முறையை வரும் மாலையிலேயே தொடங்குகிறோம். "இறுக்கு, இறக்கு" எங்கள் சுவரிலும் தினமும் கேட்பதுதான், இன்றோடு நிறுத்துகிறோம். ஒரு கேள்வி பாக்கி: புதியவரை மூன்றாமவர் இல்லாமல் தனியாகப் பிலே பிடிக்க எப்போது விடலாம்?

எட்டுமுடிச்சு:

வாரக் கணக்கு வைக்காதீர்கள், கையைப் பாருங்கள். மூன்றாமவர் பின்கயிற்றைப் பிடித்திருக்க, ஏறுபவர் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை கையை விடட்டும்: சுவரின் நடுவில் ஒன்று, உச்சியருகே ஒன்று, பிலேயர் கயிற்றை வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று. மூன்றாவதுதான் உண்மையான தேர்வு, ஏனென்றால் கை மாற்றும் அந்த நொடியில்தான் பிரேக் பக்கம் காலியாகும். மூன்றிலும் பிரேக் கை கயிற்றை விட்டு எழாமல் இருந்து, இறக்கும் வேகமும் சீராக இருந்தால் டாப்ரோப்பில் தனியாக விடலாம். ஒன்றில் தவறினாலும் அடுத்த வாரம் மறுபடி மூன்றும்.

லீட் பிலே தனிப் பாடம், இதோடு சேர்த்துவிடாதீர்கள். கயிறு கொடுக்கும் வேகத்தை முதலில் இப்படிப் பழக்குங்கள்: ஒருவர் டாப்ரோப்பில் பாதுகாப்பாக ஏறியபடியே இன்னொரு கயிற்றை லீட் போலக் குவிக்ட்ராவில் மாட்டிக்கொண்டு போகட்டும், புதியவர் அந்த இரண்டாவது கயிற்றுக்குப் பிலே பிடிக்கட்டும். கிளிப் செய்ய இழுக்கும்போது கயிறு தடுக்காமல் வந்ததா, கிளிப் ஆனதும் மிச்சத்தை வாங்கிக்கொண்டாரா என்று ஒவ்வொரு போல்ட்டிலும் ஏறுபவரே மேலிருந்து சொல்லட்டும்.