குத்தகை நிலத்தில் உரம் போடாதே என்று சொல்லலாமா?

மேலத்தெரு:
அப்பா விட்டுப்போன ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலம் நன்னிலம் பக்கம் இருக்கிறது. நான் சென்னையில். இருபது வருடமாக ஒரே ஆள்தான் குத்தகைக்குச் செய்கிறார். சின்ன வயதிலிருந்து அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். போன மாதம் போனபோது, காலியான பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் அலசி, அதிலேயே மாட்டுக்குத் தண்ணீர் மொண்டு கொண்டுபோனார். எனக்குத் திக்கென்றது. "அடுத்த சம்பாவிலிருந்து யூரியாவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் பெரியப்பா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "செய்யலாம் தம்பி. வெள்ளாமை கொறஞ்சா குத்தகை நெல்லும் கொறையுமா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். என் நிலத்தில் விஷம் விழக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

வடிகால்:
உரிமை தாராளமாக இருக்கிறது சார். செலவு யார் தலையில்? அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். யூரியா என்றால் மூன்று மூட்டை, மூட்டை 266 ரூபாய் 50 காசு. தொழுவுரத்தில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோ தழைச்சத்து என்று வையுங்கள், 12 டன் வேண்டும். எங்கள் தெருவில் மாடு கட்டியிருக்கும் வீடு மூன்று. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள், கருக்காய் பார்ப்பார்கள், இயற்கை நெல்லா என்று கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. வாய்வார்த்தைக் குத்தகைக்காரருக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. உரக்கடைக்காரர்தான் கடன் கொடுப்பார், அவரேதான் மருந்தும் விற்பார். அதை நிறுத்தினால் கடனும் நிற்கும்.

நொய்யல்கரை:
இந்த 12 டன் கணக்கைச் சொல்லியே பயமுறுத்திவிடுகிறார்கள். யூரியா மூட்டையின் அசல் விலை 266 ரூபாயா? மீதியை அரசு கட்டுகிறது, பல மடங்கு. வயலில் கொட்டும் யூரியாவில் பாதிகூட நெல்லுக்குப் போய்ச் சேருவதில்லை. பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் தழைச்சத்தில் பாதிக்கு அதுவே பொறுப்பு. கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் உங்கள் பக்கம்தானே ஆடு ஓட்டி வருகிறார்கள்? இரண்டு ராத்திரி வயலிலேயே ஆட்டை அடைத்துக் கிடை போடச் சொல்லுங்கள், புழுக்கையே உரம். 2009இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேச்சைக் கேட்டுவிட்டு இயற்கை விவசாயத்தில் இறங்கியவன் நான். மூன்றாவது வருடம் நிமிர்ந்தேன். மஞ்சளும் வாழையும் இன்றைக்கும் நன்றாகவே வருகிறது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் இதை வெறும் கணக்காகப் பேச எனக்கு மனசு வரவில்லை.

வடிகால்:
மஞ்சள், வாழை, சொந்தக் கிணறு, சொந்த நிலம். சரி அண்ணே. எங்களுக்கு மேட்டூர் திறந்தால்தான் தண்ணீர், அதுவும் ஜூன் 12க்குத் திறந்தால். கோடை மழை ஏமாற்றிவிட்டால் தக்கைப்பூண்டு எதில் முளைக்கும்? ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த முதல் இரண்டு வருடம் வீட்டில் அடுப்பு எரிந்தது எதனால்?

நொய்யல்கரை:
மனைவி ஆசிரியை. மறைக்க ஒன்றுமில்லை.

வன்னிமண்:
இலங்கையில இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்யிற குடும்பம் எங்கட. 2019 தேர்தலிலே பத்து வருசத்தில படிப்படியா சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறுவம் எண்டுதான், அப்ப ஜனாதிபதியா வந்த கோட்டாபய சொன்னவர். 2021 ஏப்ரலில அறிவிச்சு, மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டிப் போட்டார். சேதனப் பசளை எண்டு சீனாவிலிருந்து வந்த கப்பலில கிருமி இருக்கெண்டு திருப்பி அனுப்பி, பிறகு அதுக்கும் 67 இலட்சம் டொலர் கட்டினவை. நவம்பர் கடைசியில தடையை எடுக்கேக்க பெரும்போகப் பயிர் முளைச்சு மஞ்சளாய் நிண்டது. அந்தப் போகம் எங்களுக்குப் பாதி நெல்லும் வரேல்லை. அப்பா இயற்கை விவசாயத்துக்கு எதிரி இல்லை, வளவில கத்தரிக்கு இப்பவும் சாணம்தான். அவருக்குக் கோவம் ஒண்டே ஒண்டுதான்: முடிவு எடுத்தவன் ஒருநேரமும் பட்டினி கிடக்கேல்லை. மேலத்தெரு அண்ணை, நீங்கள் ஒன்பது மாவுக்குச் சின்னக் கோட்டாபய ஆகிவிடாதேங்கோ.

மேலத்தெரு:
அது கொஞ்சம் அதிகம் நண்பரே. ஆனால் உறைக்கிறது.

ஆறுமணி பஸ்:
இவ்வளவு நேரமும் நிலத்துக்காரர், குத்தகைக்காரர் இருவர்தான் பேச்சில் வருகிறார்கள். என் அம்மா களை எடுக்கப் போகிறவர். மருந்தடித்த மறுநாளே இறங்கச் சொல்வார்கள். சாயங்காலம் விரலிடுக்கில் தோல் வெந்து வெள்ளையாக இருக்கும், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். அதனால் இயற்கை விவசாயம் வந்தால் அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்துக் கேட்டேன். "களைக்கொல்லி வந்தப்பறம் வேலை நாளே பாதியாப் போச்சு. அது நின்னா வேலை வரும். இடுப்புதான் வராது" என்று சிரித்தார். அம்மாவுக்கு 54 வயது. களைக்கொல்லியை நிறுத்தச் சொல்கிறவர்கள் குனியப்போவது யார் என்றும் பார்க்க வேண்டும்.

நொய்யல்கரை:
அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை தங்கச்சி. வரிசை நடவு செய்தால் களை எடுக்கும் கோனோவீடர் கருவியைத் தள்ளலாம், நின்றுகொண்டே வேலை. ஆனால் அது வந்தால் ஆண்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். என் தோட்டத்திலும் அதுதான் நடந்தது.

மேலத்தெரு:
இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். ஒன்பதில் மூன்று மா மட்டும் மருந்தில்லாமல், மூன்று வருடத்துக்கு அந்த மூன்று மாவுக்குக் குத்தகை நெல் வேண்டாம், தக்கைப்பூண்டு விதையும் களைக்கூலியும் என் செலவு என்றேன். "எந்த மூணு மா?" என்றார். வடிகால் ஓரம் என்றேன். அது விளைச்சல் குறைந்த துண்டு, நஷ்டம் குறையுமே என்ற எண்ணம். "அது வேணாம் தம்பி. மேல வயக்காரன் போடுற யூரியாவும் மருந்தும் கலந்து அந்த வழியாத்தான் வடியும். செய்யிறதுன்னா தலைமாட்டு வயல்ல செய்வோம்" என்றார். நல்ல வயலையே கொடுக்கிறார்.

வடிகால்:
நியாயமான ஏற்பாடு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கொஞ்சம். மூன்று வருடம் என்பதை எழுதிக் கொடுத்தீர்களா? மண்ணைத் தேற்றி வைத்த பிறகு நிலம் கைமாறிய கதை இங்கே நிறைய உண்டு.

மேலத்தெரு:
என் அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். எழுத்தில் கொடுத்தால் பெரியப்பா தன்னைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்துகொள்வார், அப்புறம் நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது என்கிறார். நான் இன்னும் எழுதவில்லை.