சமூகப்பணி படிக்க எண்ணுபவர்களுக்கு: பொதுப் பட்டமா, சிறப்புத் துறையா?

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடியிலிருந்து அண்மையில் கனடாவின் ஸ்காபறோவுக்கு வந்த தங்கை ஒருவர், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, தொண்டு நிறுவனமொன்றில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்த தான் இங்கே நேராகச் சிறப்புத் துறையில் சேரலாமா என்று கேட்டிருந்தார்.

ஊரில் நாம் செய்ததே பொதுச் சமூகப்பணிதான். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி மண்டூரில் இறங்கினால், காலையில் ஒரு விதவைத் தாயின் பிச்சைச் சம்பள (அரசின் மாதாந்த உதவிப் பண) விண்ணப்பம், மதியத்துக்குப் பின் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளையின் தகப்பனோடு பேச்சு, பொழுதுபடுமுன் மாதர் சங்கக் கூட்டம் என எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். கனடாவின் நான்கு ஆண்டு பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி இளமாணிப் பட்டம்) கற்பிப்பதும் இதைத்தான்: தனியாள், குடும்பம், குழு, சமுதாயம் என எந்த மட்டத்திலும் இறங்கி வேலை செய்வதற்கான அடிப்படையோடு 700 மணி நேரக் களப்பயிற்சி. மருத்துவமனைப் பணி, உளநல ஆலோசனை போன்ற சிறப்புத் துறைகள் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ என்ற முதுமாணிப் பட்டத்தில்தான் வருகின்றன. சிறுவர் பாதுகாப்புக்கு பி.எஸ்.டபிள்யூ உள்ளவர்களையும் எடுக்கிறார்கள்.

சமூகவியல் பட்டம் சமூகப்பணிப் பட்டம் ஆகாது. இரண்டும் ஒன்றென்று நம்பி நான் ஓராண்டை வீணாக்கினேன். ஆனால் அதற்காக நான்கு ஆண்டுகளைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. வேறு பட்டம் உள்ளவர்களுக்கென இரண்டு ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ உண்டு, அதில் முதலில் பொது அடிப்படையும் பிறகு சிறப்புத் துறையும் வரும். இலங்கையிலேயே பி.எஸ்.டபிள்யூ முடித்தவர்கள் முதலில் அதைக் கனடா சமூகப் பணியாளர் சங்கத்திடம் மதிப்பீட்டுக்கு அனுப்பட்டும். பட்டம் ஏற்கப்பட்டால் ஓராண்டு எம்.எஸ்.டபிள்யூவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டு ஆண்டு கல்லூரி டிப்ளோமாவையும் "சமூகப்பணி" என்றே சொல்லி விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அது சமூக சேவைப் பணியாளர் என்ற வேறு பதிவுக்கு உரியது. ஸ்காபறோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் (பெயர் "கல்லூரி" என்றாலும் அது படிக்கும் இடமல்ல) பதிவு செய்யாத எவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. டிப்ளோமா மட்டமான படிப்பல்ல, விரைவில் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அதுவே பொருந்தலாம். எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

எம்.எஸ்.டபிள்யூ அனுமதியில் பல பல்கலைக்கழகங்கள் கள அனுபவத்தைப் பார்க்கின்றன. 2004 சுனாமிக்குப் பின் நம் கரைக்கு வந்த நிறுவனங்கள் பல கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டன. ஆகவே தங்கை, உங்கள் பழைய அலுவலகம் இன்னும் திறந்திருக்கும்போதே, பதவி, காலம், வாராந்த மணி நேரம், செய்த வேலை ஆகியவை குறித்த சேவைக் கடிதத்தைக் கடிதத் தலைப்புத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.